பிடி-1இன் பிடி

"அக்கா, இந்தப் புரோட்டீன் செத்துப்போச்சு, கம்பெனிக்கு மெயில் போடட்டுமா?" என்று போன வாரம் எங்கள் ஆய்வகத்து மாணவி ஒருத்தி வந்து கேட்டாள். கையில் எலைசா தட்டு, ஒரு புரதம் இன்னொன்றைப் பிடிக்கிறதா என்று நிறத்தால் காட்டும் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு. பூச்சு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த ஒரு வரிசை மட்டும் நல்ல மஞ்சள், மற்ற குழிகள் எல்லாம் தண்ணீர் மாதிரி. தட்டில் பூசியது பிடி-எல்1 என்ற புரதம், மேலே ஊற்றியது பிடி-1 என்ற புரதம், இரண்டும் ஒன்றையொன்று பிடிக்கும் என்று எல்லாப் பாடநூலிலும் படம் போட்டிருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: குப்பியின் மேல் ஹிஸ் டேக் என்று போட்டிருக்கிறதா, எஃப்சி என்று போட்டிருக்கிறதா? ஹிஸ் என்றாள். (இரண்டும் புரதத்தின் வாலில் கட்டிவிடும் இணைப்புகள், பின்னால் விளக்குகிறேன்.) அப்படியானால் புரதம் சாகவில்லை, உட்கார் என்று சொல்லி அரை மணி நேரம் பேசினேன். பேசியதை எழுதிவைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டு நின்றேன், அப்போது எனக்கு இதைச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை.

பிடி-1 பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1992இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவின் குழு, செல்கள் தாமாகச் செத்துப்போகும்போது எந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குகின்றன என்று தேடிக்கொண்டிருந்தபோது கண்டெடுத்தது இது. சாவோடு சம்பந்தப்பட்டது என்று நினைத்துத்தான் திட்டமிட்ட சாவு என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள், அந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் பிடி. பிறகு 1999இல் இந்த மரபணுவை எடுத்துவிட்ட எலிகளைப் பார்த்தபோதுதான் அதன் உண்மையான வேலை தெரிந்தது. அந்த எலிகளுக்கு வயது ஏற ஏற மூட்டிலும் சிறுநீரகத்திலும் லூபஸ் மாதிரியான நோய் வந்தது, அதாவது அவற்றின் நோயெதிர்ப்புச் செல்கள் சொந்த உடம்பையே தாக்கின. ஆக பிடி-1 என்பது டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு பிரேக். புற்றுநோய்ச் செல்கள் பிடி-எல்1ஐ நீட்டி இந்த பிரேக்கை அழுத்துகின்றன, அந்த அழுத்தத்தைத் தடுக்கும் ஆன்டிபாடிகள்தான் 2014இல் மருந்தாக வந்த நிவோலுமாபும் பெம்ப்ரோலிசுமாபும். 2018இல் ஹோன்ஜோவுக்கும் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் நோபல் கிடைத்தது. செல் மேற்பரப்புப் புரதங்களுக்கு எண் போடும் சிடி வரிசையில் இதன் பெயர் சிடி279, சில குப்பிகளில் அப்படித்தான் எழுதியிருக்கும், வேறு புரதம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

தமிழில் எழுதும்போது இந்தப் பெயர் தற்செயலாகப் பொருத்தமாக வந்து விழுகிறது. இந்தப் பதிவு முழுக்கப் பிடியைப் பற்றித்தான். அது எவ்வளவு தளர்வானது, அதை நாம் குப்பிக்குள் போடும்போது எப்படி மாற்றிவிடுகிறோம் என்பதைப் பற்றி.

முதலில் குப்பிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மனித பிடி-1 மொத்தம் 288 அமினோ அமிலங்கள். முதல் 24 வெறும் விலாசச் சீட்டு, செல்லுக்கு வெளியே அனுப்பு என்று சொல்வதற்கு, வேலை முடிந்ததும் வெட்டி எறியப்படும். 25இலிருந்து 170 வரை செல்லுக்கு வெளியே நிற்கும் பகுதி, அப்புறம் சவ்வைக் குத்திக்கொண்டு போகும் ஒரு துண்டு, 192இலிருந்து 288 வரை உள்ளே தொங்கும் வால். பிரேக்கின் கம்பி அந்த வாலில்தான் இருக்கிறது. பிடி-எல்1 வந்து பிடித்ததும் வாலில் உள்ள டைரோசின்களில் பாஸ்பேட் ஏறும், அங்கே எஸ்எச்பி-2 என்ற நொதி வந்து உட்கார்ந்து டி செல்லின் தூண்டுதலை அணைக்கும். நாம் வாங்கும் குப்பியில் பெரும்பாலும் வெளிப்பகுதி மட்டும்தான், 25இலிருந்து 167 வரை என்பது நிறைய இடங்களில் காணப்படும் வெட்டு. சவ்வுத் துண்டை வைத்துக்கொண்டு புரதத்தைத் தண்ணீரில் கரைக்க முடியாது, அது எண்ணெய்ப் பசை உள்ள பகுதி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஆகவே மரத்தை வேரோடு எடுக்காமல் கிளையை மட்டும் வெட்டிக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளையின் அடியில், சவ்வு இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு டேக்கைக் கட்டிவிடுகிறார்கள்.

இதை எதில் தயாரிக்கிறார்கள் என்பதும் முக்கியம். மேற்பரப்புப் புரதங்களுக்குப் பெரும்பாலும் எச்ஈகே 293 செல்கள். 1973இல் ஃபிராங்க் கிரகாம் மனிதக் கருவின் சிறுநீரகச் செல்லில் அடினோவைரஸ் டிஎன்ஏவைச் செலுத்தி உருவாக்கிய செல் வரிசை, 293 என்பது அவருடைய பரிசோதனை எண். பாக்டீரியாவில் செய்தால் மலிவு, அளவும் அதிகம், ஆனால் பாக்டீரியா சர்க்கரை போடாது. பிடி-1இன் வெளிப்பகுதியில் நான்கு இடங்களில், 49, 58, 74, 116 ஆகிய எண்களில் உள்ள ஆஸ்பரஜின்களில், சர்க்கரைக் கிளைகள் தொங்கும். அதனால்தான் கணக்குப்படி 17 கிலோடால்டன் எடை பக்கம் இருக்க வேண்டிய புரதம், எடை வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 30க்கும் 40க்கும் நடுவில், தெளிவான கோடாக இல்லாமல் பரவிய பட்டையாக ஓடும். அதைப் பார்த்துத் தூய்மை இல்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. பிஎன்கேஸ் எஃப் என்ற நொதியைப் போட்டுச் சர்க்கரையை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள், பட்டை கீழே இறங்கி ஒல்லியாகிவிடும். பாக்டீரியாவில் செய்தால் புரதம் உருத்தெரியாமல் கட்டியாகத்தான் கிடைக்கும், அதைப் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும், அப்படி மடிக்கும்போது 93ஆம் இடத்தில் ஜோடியில்லாமல் நிற்கும் சிஸ்டீன் தொல்லை கொடுக்கும் என்பதால் அதைச் செரினாக மாற்றிவிடுவது வழக்கம். படிக அமைப்பு பார்க்கிறவர்களுக்கு அது நல்ல வழி, சர்க்கரை இல்லாத புரதம்தான் ஒழுங்காகப் படிகமாகும். ஆனால் ஆன்டிபாடி பிணைப்பைப் பார்க்கிறவர் யோசிக்க வேண்டும். நிவோலுமாபுக்குச் சர்க்கரை பெரிதாகத் தேவையில்லை, கேம்ரெலிசுமாப் என்ற ஆன்டிபாடியோ 58இல் இருக்கும் சர்க்கரையையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது.

சரி, மாணவியின் வெள்ளைத் தட்டுக்கு வருவோம்.

தனித்தனி மூலக்கூறாக இருக்கும்போது மனித பிடி-1க்கும் பிடி-எல்1க்கும் இடையிலான பிணைப்பு மாறிலி, அதாவது இலக்கில் பாதி நிரம்பத் தேவையான செறிவு, ஏறக்குறைய 8 மைக்ரோமோலார்; எண் கூடினால் பிடி தளர்வு. இந்த எண்ணைப் பார்த்ததும் மனதில் எதுவும் தோன்றாவிட்டால் இப்படிப் பாருங்கள். நல்ல ஆன்டிபாடி தன் இலக்கைப் பிடிப்பது நானோமோலார் அளவில், அதாவது ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுக்கமாக. நாம் எலைசாவில் வழக்கமாக ஊற்றுவது மில்லிக்கு 1 மைக்ரோகிராம், 17 கிலோடால்டன் புரதத்துக்கு அது சுமார் 60 நானோமோலார். 8 மைக்ரோமோலார் தேவைப்படும் இடத்தில் 60 நானோமோலாரை ஊற்றினால், தட்டில் இருக்கும் பிடி-எல்1இல் நூற்றில் ஒன்றுகூட நிரம்பாது. 100 மைக்ரோகிராம் குப்பி முழுவதையும் ஒரு மில்லியில் கரைத்து அப்படியே ஊற்றினால்கூட 6 மைக்ரோமோலார்தான் வரும், அப்போதும் பாதி நிரம்பாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பிடித்த பிடி-1 கையை விட ஆகும் நேரம் ஒரு விநாடியை ஒட்டித்தான். நாம் என்ன செய்கிறோம்? பஃபரை ஊற்றி, தட்டைக் கவிழ்த்துத் தட்டி, மறுபடி ஊற்றி, இப்படி மூன்று முறையோ ஐந்து முறையோ கழுவுகிறோம். முதல் கழுவலிலேயே எல்லாம் போய்விடும். புரதம் ஒழுங்காக இருந்தது, ஒழுங்காகப் பிடித்தது, ஒழுங்காக விட்டும்விட்டது. கழுவிக் கழுவிப் பார்க்கும் ஒரு முறையில், விட்டுவிடுவதே இயல்பான ஒன்றை நாம் தேடுகிறோம்.

இது தெரியாமல்தான் நான் மூன்று வாரம் அலைந்தேன். பஃபரின் அமிலத்தன்மையை மாற்றினேன், பால்பொடியால் அடைப்பதை விட்டு பிஎஸ்ஏ என்ற மாட்டுப் புரதத்துக்குப் போனேன், இரவு முழுக்கக் குளிரில் வைத்தேன், கால்சியம் சேர்த்தேன், ஏன் சேர்த்தேன் என்று இன்றும் தெரியவில்லை. கடைசியில் விற்றவர்களுக்குப் புகார் எழுதி அவர்கள் புதுக் குப்பி அனுப்பி அதுவும் அதே வெள்ளைத் தட்டைக் கொடுத்தது. அவர்கள்மேல் தவறே இல்லை. ஒரு நாள் வேறொரு வேலையாக வந்த மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் என் நோட்டின் ஓரத்தில் மேலே சொன்ன கணக்கை நாலு வரியில் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

செல்லின் மேலே இந்தப் பலவீனம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம். டி செல் ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கப் பிறந்ததல்ல, அது ஒவ்வொரு செல்லாகத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். மேற்பரப்பில் உள்ள நூற்றுக்கணக்கான ஏற்பிகள் ஒவ்வொன்றும் ஆன்டிபாடி மாதிரி இறுகப் பிடித்தால் முதலில் தொட்ட செல்லை விட்டு அது பிரியவே முடியாது. அதனால் ஒவ்வொரு பிடியும் தளர்வு, ஆனால் இரண்டு சவ்வுகள் எதிரெதிரே வந்து நிற்கும்போது பல பிடிகள் சேர்ந்து விழுகின்றன, ஒன்று விட்டாலும் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, விட்டதும் தூரம் போக வழியில்லாததால் அதுவே திரும்பப் பிடிக்கிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது மாதிரி. ஒரு ஆள் கையை எடுத்தால் தேர் நிற்காது, எல்லோரும் எடுத்தால் நின்றுவிடும். கரைசலில் மிதக்கும் ஒற்றைப் புரதத்துக்கு அந்த ஊர் இல்லை.

இந்த உண்மையை ஆராய்ச்சி உலகம் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1990களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் சிடி2, சிடி48 என்ற இரண்டு மேற்பரப்புப் புரதங்களின் பிணைப்பை, சிப்பின் மேல் புரதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கும் எஸ்பிஆர் கருவியில் அளந்தவர்கள், தயாரிப்பில் கொஞ்சம் கட்டி சேர்ந்த புரதம் இருந்தாலே அது பல கைகளால் பிடித்துக்கொண்டு அளவையே பொய்யாக்கிவிடுகிறது என்று காட்டினார்கள். கட்டியை நீக்கிவிட்டு அளந்தால் பிணைப்பு பல பத்து மைக்ரோமோலார் அளவில் நின்றது, அவ்வளவு தளர்வு. அதற்குப் பிறகுதான் மேற்பரப்புப் புரதம் என்றால் முதலில் கட்டி இருக்கிறதா என்று பார் என்ற ஒழுக்கம் வந்தது. 1996இல் இதே பலவீனத்தை மார்க் டேவிஸின் குழு வேறு விதமாகச் சமாளித்தது. டி செல் ஏற்பிக்கும், மற்ற செல்களின் மேல் புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் எம்எச்சி என்ற புரதத்துக்கும் இடையிலான பிடியும் மைக்ரோமோலார்தான், ஒற்றை எம்எச்சியை டி செல்மேல் ஊற்றிக் கழுவினால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே எம்எச்சியின் வாலில் ஒரு பயோட்டினை மாட்டி, நான்கு பயோட்டின்களைப் பிடிக்கக்கூடிய ஸ்ட்ரெப்டவிடினோடு சேர்த்து, நான்கு கையுள்ள டெட்ராமராக்கினார்கள். உடனே ஒட்டியது. குறிப்பிட்ட ஒரு வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் ரத்தத்தில் எத்தனை இருக்கின்றன என்று இன்று எண்ண முடிவது அதனால்தான்.

எஃப்சி டேக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது, இரண்டு கையோடு. ஆன்டிபாடியின் அடித்தண்டைப் புரதத்தின் வாலில் ஒட்டவைத்தால் தண்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்ளும், ஆகவே ஒரு மூலக்கூறில் இரண்டு பிடி-1. ஒரு கை விட்டாலும் மறு கை பிடித்திருக்கும், கழுவினாலும் நிற்கும், தட்டு மஞ்சளாகும். தயாரிப்பவர்களுக்கும் சுகம், எஃப்சியைப் பிடிக்கும் புரோட்டீன் ஏ நிரப்பிய பத்தியில், அதாவது சுத்திகரிப்புக் குழாயில், ஊற்றினால் ஒரே படியில் தூய்மையாகிவிடும். ஆனால் இங்கேதான் நான் அடுத்த தவறைச் செய்தேன். எஃப்சி வடிவத்தை வாங்கி, அழகான வளைவு வரைந்து, அதிலிருந்து நானோமோலார் கணக்கில் ஒரு எண்ணை எடுத்து, பிடி-1க்கும் பிடி-எல்1க்கும் இடையிலான பிணைப்பு இது என்று குழுக் கூட்டத்தில் சொன்னேன். அது பிணைப்பு அல்ல, இரண்டு கைகள் ஒரு தட்டின் மேல் சேர்ந்து செய்த காரியம். தட்டில் எவ்வளவு நெருக்கமாகப் பூசுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண்ணே மாறும்.

பிடி-1 விஷயத்தில் இது இன்னும் கொஞ்சம் உறுத்தும், ஏனென்றால் செல்லின் மேல் அது இயல்பில் தனியாள். அதன் உறவுக்காரர்களான சிடிஎல்ஏ-4உம் சிடி28உம் சவ்வுக்கு அருகே ஒரு சிஸ்டீன் வைத்துக்கொண்டு ஜோடியாகவே நிற்கின்றன, பிடி-1க்கு அந்த சிஸ்டீன் இல்லை. ஆக சிடிஎல்ஏ-4ஐ எஃப்சியோடு ஒட்டினால் இயற்கையை ஓரளவு ஒத்திருக்கும், பிடி-1ஐ ஒட்டினால் இயற்கையில் இல்லாத ஒன்று கிடைக்கும். சிடிஎல்ஏ-4இன் எஃப்சி வடிவம் 1991இல் ஆய்வகக் கருவியாகத்தான் பிறந்தது, எது எதைப் பிடிக்கிறது என்று தேடுவதற்கு. அதன் வழிவந்த அபடாசெப்ட் 2005இல் முடக்குவாதத்துக்கு மருந்தானது. ஆய்வகக் குப்பியை யாராவது சாதாரணமாகப் பேசினால் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

எஃப்சி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. மோனோசைட், மேக்ரோஃபேஜ், பி செல் இவற்றின் மேல் எஃப்சியைப் பிடிக்கவென்றே ஏற்பிகள் இருக்கின்றன. செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பிடி-1 எஃப்சியைச் செல்களோடு கலந்து, அடடா மோனோசைட்டில் இவ்வளவு பிடி-எல்1 இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், பிடி-1 இல்லாத வெறும் எஃப்சியை அதே அளவில் போட்டுப் பாருங்கள். எஃப்சி ஏற்பியை அடைக்கும் மருந்தையும் முன்கூட்டியே போடுங்கள். அதேபோல மனித எஃப்சி உள்ள புரதத்தின் மேல் நிவோலுமாபை ஊற்றிவிட்டு, மனித எஃப்சியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியால் கண்டுபிடிக்க முயலாதீர்கள், நிவோலுமாபும் மனித ஆன்டிபாடிதான், இரண்டிலும் அதே தண்டு. எல்லாக் குழியும் மஞ்சளாகும், எதுவும் தெரியாது.

அப்புறம் வெட்டு எங்கே தொடங்குகிறது என்ற விஷயம். இது எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது. அவர் கையில் இருந்த பிடி-1ஐ பெம்ப்ரோலிசுமாப் நன்றாகப் பிடித்தது, பிடி-எல்1உம் எஸ்பிஆரில் ஒழுங்காகப் பிடித்தது, நிவோலுமாப் மட்டும் ஏறக்குறைய தொடவே இல்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்றே இரண்டு மாதம் நம்பினார்கள். உண்மையில் அந்தப் புரதம் படிக அமைப்புக்காக வடிவமைத்த வெட்டு, 33ஆம் அமினோ அமிலத்தில் தொடங்கியது. நிவோலுமாப் முக்கியமாகப் பிடிப்பது 25இலிருந்து 30 வரை இருக்கும் நுனி வளையத்தை, புரதத்தின் மடிந்த உடலுக்கு வெளியே அவிழ்ந்து தொங்கும் அந்தச் சின்ன நூலை. பிடி-எல்1க்கு அது தேவையில்லை, பெம்ப்ரோலிசுமாப் பிடிப்பது வேறொரு வளையத்தை. நூலை வெட்டிய பிறகு நிவோலுமாப் எதைப் பிடிக்கும்? எட்டு அமினோ அமிலம், குப்பியோடு வரும் தாளில் ஒரு வரியில் அந்த எண் இருந்தது. அன்றிலிருந்து எந்தக் குப்பி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது விலையையோ தூய்மை சதவீதத்தையோ அல்ல, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பதைத்தான். எந்த விலங்கு என்பதையும் பாருங்கள், எலியின் பிடி-1ஐ நிவோலுமாபும் பிடிக்காது, பெம்ப்ரோலிசுமாபும் பிடிக்காது.

செல் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிடி-எல்1ஐ வாங்கி டி செல் ஊடகத்தில் கரைத்து ஊற்றிவிட்டால் பிரேக் அழுந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பிரேக் விழ வேண்டுமானால் பிடி-எல்1 ஒரு பரப்பின் மேல், டி செல்லைத் தூண்டும் சிடி3 ஆன்டிபாடிக்குப் பக்கத்திலேயே நெருக்கமாகப் பூசப்பட்டிருக்க வேண்டும். மணியிலோ தட்டிலோ இரண்டையும் சேர்த்துப் பூசுங்கள். கரைசலில் மிதந்தால் பிடி-1ஐ மறைத்து எதிர்மாறான விளைவைக்கூடக் கொடுக்கலாம். மிதக்கும் புரதமும் பரப்பில் நிற்கும் புரதமும் செல்லுக்கு இரண்டு வேறு செய்திகள்.

எண்டோடாக்சின் பற்றிப் பேசாமல் இதை முடிக்க எனக்கு மனம் வராது, ஏனென்றால் இதில் ஏமாந்தவர்களுக்கு ஏமாந்தது தெரிவதே இல்லை. பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் இந்தக் கொழுப்புச் சர்க்கரை, மோனோசைட்டையும் டென்ட்ரிடிக் செல்லையும் மிகக் குறைந்த அளவிலேயே உசுப்பிவிடும். தாளில் ஒரு மைக்ரோகிராமுக்கு 1 யூனிட்டுக்கும் கீழே என்று போட்டிருக்கும், கேட்க நன்றாக இருக்கும். ஒரு யூனிட் என்பது ஏறக்குறைய 0.1 நானோகிராம். நீங்கள் மில்லிக்கு 10 மைக்ரோகிராம் புரதம் போட்டால் அந்த எல்லைக்குள் இருந்துகொண்டே 1 நானோகிராம் வரை எண்டோடாக்சின் போட்டிருக்கலாம், மோனோசைட்டுக்கு அது தாராளம். எச்ஈகே செல்லில் செய்தது என்பதால் எண்டோடாக்சின் இருக்காது என்பதும் இல்லை, தண்ணீரிலிருந்தும் பத்தியிலிருந்தும் பஃபரிலிருந்தும் வரும். சுலபமான ஒரு சோதனை சொல்கிறேன்: உங்கள் புரதத்தில் கொஞ்சத்தை எடுத்துக் கொதிக்கவையுங்கள். புரதம் கெட்டுப்போகும், எண்டோடாக்சின் கெடாது. கொதிக்கவைத்ததைப் போட்டும் செல்கள் அதே சைட்டோகைனை, அதாவது அதே சமிக்ஞைப் புரதத்தை, வெளியிட்டால், உங்கள் முடிவு உங்கள் புரதத்தினுடையது அல்ல.

ஹிஸ் டேக்கை மட்டமாகப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம், எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு. ஆறு ஹிஸ்டிடின்கள், நிக்கலைப் பிடிக்கும், சுத்திகரிக்க உதவும் என்பதோடு அதன் வேலை முடியவில்லை. நிக்கல் மாட்டிய கொழுப்பைச் சேர்த்துச் செயற்கைச் சவ்வு செய்தால், ஹிஸ் டேக் உள்ள புரதத்தை அதன் மேல் தொங்கவிடலாம். சவ்வு இருந்த இடத்தில்தான் டேக் இருக்கிறது என்பதால் புரதம் சரியான பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும், அதோடு சவ்வின் மேல் நகரவும் செய்யும். பல வருடமாக எல்லோரும் பிடி-1 அணைப்பது டி செல் ஏற்பியின் தூண்டுதலை என்று நினைத்திருந்தபோது, 2017இல் என்ஃபு ஹூயும் ரொனால்ட் வேலும் அவர்களுடைய குழுவும் பிடி-1இன் வால், எஸ்எச்பி-2, டி செல் ஏற்பியின் சமிக்ஞைப் பகுதிகள், சிடி28இன் வால் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தயாரித்துக் கொழுப்புக் குமிழிகளின் மேல் கூட்டிவைத்துப் பார்த்தார்கள். எஸ்எச்பி-2 முதலில் போய்ப் பாஸ்பேட்டை எடுத்தது சிடி28இலிருந்து. ஒரு உயிருள்ள செல்லில் ஆயிரம் காரியம் ஒரே நேரத்தில் நடக்கும்போது இதைப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். குப்பிகளில் தனித்தனியாக வாங்கியோ செய்தோ வைத்திருப்பதால்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்தும் எடுத்தும் பார்க்க முடிகிறது.

கையாளுவதில் சில விஷயம், சுருக்கமாக. உலர்த்திய பொடி குப்பியின் மூடியில் ஒட்டியிருக்கும், திறப்பதற்கு முன் ஒரு முறை சுழற்றிக் கீழே இறக்குங்கள். கரைக்கும்போது வார்டெக்ஸில் வைத்து உலுக்க வேண்டாம், நுரை வந்தால் புரதம் போகிறது என்று அர்த்தம், சும்மா வைத்துவிட்டு இடையிடையே மெதுவாகச் சாய்த்தால் போதும். ரொம்ப நீர்த்துப்போகும்படி கரைத்தால் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு நம்மிடம் வராது. சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள், ஒரே குழாயை உருக்கி உறையவைத்து மறுபடி உருக்குவதுதான் கட்டி சேரும் சுலபமான வழி, கட்டி சேர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். பயோட்டினோ நிறமோ ஒட்டப்போகிறீர்கள் என்றால் பிஎஸ்ஏ சேர்க்காத குப்பியாகப் பார்த்து வாங்குங்கள், டிரிஸ் பஃபரும் கூடாது, இல்லாவிட்டால் ஒட்டவேண்டியது எல்லாம் அவற்றின் மேல் போய் ஒட்டும். பயோட்டினை லைசின்களில் கண்டபடி ஒட்டுவதைவிட அவி டேக் உள்ளதாக வாங்குவது மேல். 15 அமினோ அமிலம் உள்ள அந்தச் சின்ன வாலில் ஒரே ஒரு லைசினில் மட்டும் பிர்ஏ நொதி பயோட்டினை வைக்கும், பிடிக்கும் முகத்தில் எதுவும் ஒட்டாது.

மாணவி அடுத்த நாளே தட்டை மறுபடி போட்டாள், இந்த முறை எஃப்சி வடிவத்தோடும் வெறும் எஃப்சியோடும். எஃப்சி பிடி-1 வரிசை முழுக்க மஞ்சள், வெறும் எஃப்சி வரிசை வெள்ளை. ஆனால் அவளுக்கு உண்மையில் வேண்டியது பிணைப்பு எண், அதற்கு அந்த ஹிஸ் குப்பியைத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். எஸ்பிஆரில் பிடி-எல்1ஐச் சிப்பில் நிறுத்திவிட்டு, ஒற்றைக் கை பிடி-1ஐ அரை மைக்ரோமோலாரிலிருந்து 30 மைக்ரோமோலார் வரை படிப்படியாக மேலே ஓட்ட வேண்டும். கழுவல் இல்லை, புரதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளப்பதால் விட்டுவிட்டுப் பிடிப்பதும் தெரியும். ஓட்டும் அன்றே அளவு பிரிக்கும் பத்தியில் விட்டுக் கட்டியை நீக்கிக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் 100 மைக்ரோகிராம் காணாது, மில்லிகிராம் கணக்கில் வேண்டும், ஆகவே நாங்களே எச்ஈகே செல்லில் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம், 25இலிருந்து 167, வாலில் ஆறு ஹிஸ்டிடின். போன வெள்ளிக்கிழமை டிஎன்ஏவைச் செலுத்தினோம். நாளை ஆறாவது நாள், செல்லை வடித்துவிட்டு ஊடகத்தை நிக்கல் பத்தியில் ஏற்றுகிறோம்.